23.8 சதவீதத்திலிருந்து 45.7 வரை: கல்லூரி கார்டின் ஷூட்டிங்கையும் ஷாட் தேர்வையும் வளர்க்கும் வழிகாட்டி

பஹாமாஸ் நாட்டின் எய்ட் மைல் ராக் என்ற ஊரிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன பட்டி ஹீல்ட், 2012-13 பருவத்தில் ஓக்லஹோமா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்காக, தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து 80 மூன்று புள்ளி ஷாட்டுகளை எறிந்தார். உள்ளே விழுந்தவை 19. அதாவது 23.8 சதவீதம். அன்றைய தாளை மட்டும் பார்த்த எந்தப் பயிற்சியாளரும் “வெளியிலிருந்து எறியும் கை இவனுக்கு இல்லை” என்று முடிவுகட்டியிருப்பார். 2015-16 பருவத்தில், அதாவது கல்லூரியின் நான்காம் ஆண்டில், அவரே 322 எறிந்து 147-ஐ உள்ளே போட்டார். 45.7 சதவீதம். ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளிகள். நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான நெய்ஸ்மித், வுடன் விருதுகள் இரண்டும் அந்த ஆண்டு அவருக்கே கிடைத்தன.

இந்த ஏற்றத்தை “கடும் உழைப்பு” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். ஹீல்ட் இரவு பகலாகப் பயிற்சிக்கூடத்தில் கிடந்தவர் என்பது உண்மைதான். ஆனால் கிடந்தவர்கள் எல்லாரும் 45 சதவீதத்தைத் தொடுவதில்லை. ஒரு கார்டின், அதாவது வளையத்திலிருந்து தள்ளி நின்று பந்தைக் கொண்டுவந்து ஆடும் ஆட்டக்காரரின், ஷூட்டிங்கில் கை, முடிவு என்று இரண்டு தனித்தனித் திறமைகள் இருக்கின்றன. கை திருந்தப் பல மாதங்கள் பிடிக்கும். எதை எறிவது, எதை விடுவது என்ற முடிவை இந்த வாரமே திருத்தலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இந்த வழிகாட்டி இரண்டையும் பிரித்து அளக்கவும் பிரித்துப் பயிலவும் சொல்கிறது.

முதல் படி: கணக்குத் தாள்

பந்தைத் தொடுவதற்கு முன் பேனாவைத் தொடுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் தாளைக் கொடுக்கலாம். கைபேசியில் எடுத்த காணொளியைப் பார்த்து ஆட்டம் முடிந்த பிறகும் நிரப்பலாம். ஐந்து பத்திகள் போதும்: பாஸ் வாங்கிய வேகத்தில் எறிந்த மூன்று புள்ளி, டிரிபிள் செய்துவிட்டு, அதாவது பந்தைத் தரையில் தட்டியபடி நகர்ந்து, எறிந்த மூன்று புள்ளி, கோட்டுக்கு உள்ளிருந்து எறிந்த இடைத்தூர ஷாட், வளையத்தருகே எறிந்தது, எதிரணியின் தவறுக்காகத் தடுப்பின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ. ஒவ்வொரு ஷாட்டின் பக்கத்திலும் இரண்டு குறிப்புகள் வேண்டும். தடுப்பாளர் கையெட்டும் தூரத்தில் இருந்தாரா? ஷாட் எறிய அணிக்குத் தரும் நேரத்தைக் காட்டும் கடிகாரத்தில் எத்தனை வினாடி மிச்சம் இருந்தது?

அடுத்தது மதிப்பு. 100 ஷாட் எறிந்தால் எத்தனை புள்ளி என்று கேளுங்கள். மூன்று புள்ளி ஷாட்டில் 35 சதவீதம் என்றால் 105 புள்ளி. இடைத்தூரத்தில் 40 சதவீதம் என்றால் 80 புள்ளிதான். சதவீதம் கூடுதல், வரவு குறைவு. வளையத்தருகே 60 சதவீதம் என்றால் 120. ஹீல்டின் மூன்று புள்ளி ஷாட்டுகளை இதே கணக்கில் போட்டால் முதல் ஆண்டில் 71, நான்காம் ஆண்டில் 137. அந்த 137-ஐ இரண்டு புள்ளி ஷாட்டால் ஈடுகட்ட வேண்டுமானால் 68 சதவீதத்துக்கு மேல் உள்ளே போட வேண்டும். வளையத்தின் கீழேயே நிற்கும் உயரமான ஆட்டக்காரருக்கே அது சுலபமில்லை.

முழு ஆட்டத்தையும் ஒரே எண்ணில் பார்க்க விரும்பினால், உள்ளே போட்ட மொத்த ஷாட்டுகளோடு, உள்ளே போட்ட மூன்று புள்ளி ஷாட்டுகளில் பாதியைக் கூட்டி, எறிந்த மொத்த ஷாட்டுகளால் வகுத்துக்கொள்ளுங்கள். 12 எறிந்து 5 போட்டு, அதில் 3 மூன்று புள்ளி என்றால், ஆறரையைப் பன்னிரண்டால் வகுக்க 54 சதவீதம் வரும். வெறுமனே 5-ஐ 12-ஆல் வகுத்துக் கிடைக்கும் 42 சதவீதம், அந்த ஆட்டக்காரருக்கு அநியாயம் செய்கிறது.

இரண்டாம் படி: எண்ணை நம்பும் முன் அதன் வயதைப் பாருங்கள்

80 ஷாட் என்பது மிகச் சிறிய கணக்கு. ஹீல்ட் முதல் ஆண்டில் இன்னும் ஏழு ஷாட் போட்டிருந்தால் 32.5 சதவீதம் ஆகியிருக்கும்; யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். உண்மையில் 35 சதவீதத் திறமை உள்ள ஒருவர் 80 ஷாட்டில் 30-க்கும் 40-க்கும் இடையே எங்கே வேண்டுமானாலும் வந்து நிற்கலாம், அதைத் தாண்டியும் போகலாம். நான்கு ஆட்டத்துத் தாளை வைத்துக்கொண்டு “ஷாட் போய்விட்டது” என்று புலம்புகிறவர்கள் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அவருடைய நான்கு ஆண்டுகளையும் வரிசையாக வைத்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். முதல் ஆண்டில் 80 எறிந்து 19. இரண்டாம் ஆண்டில் 233 எறிந்து 90; 38.6 சதவீதம். மூன்றாம் ஆண்டில் 259 எறிந்து 93, 35.9 சதவீதம். பிறகு 322-இல் 147. மூன்றாம் ஆண்டில் சதவீதம் சரிந்திருக்கிறது. ஆனால் ஓக்லஹோமா அன்று ஆடிய பிக் 12 கல்லூரிக் கூட்டமைப்பின் சிறந்த வீரர் விருதை அவர் முதன்முதலில் வாங்கியது அந்த 2014-15 பருவத்தில்தான். அணியின் பாரம் ஒருவர் தோளில் ஏறும்போது கடினமான ஷாட்டுகளும் அவர் கைக்கே வருகின்றன. சதவீதம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. எறிந்த எண்ணிக்கையும் சதவீதமும் சேர்ந்து ஏறினால்தான் அது ஐயமில்லாத வளர்ச்சி. நான்காம் ஆண்டில் அதுதான் நடந்தது. மூன்றாம் ஆண்டோடு அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்பிஏவின் வீரர் தேர்வுக்குப் போய்விடலாம் என்ற நிலையில் அவர் கல்லூரியிலேயே தங்கிய ஆண்டு அது.

பின்னாளில் என்பிஏவின் பெரிய ஷூட்டராகப் பெயர் பெற்ற ஸ்டீபன் கரிக்கும் இந்தச் சரிவு உண்டு. டேவிட்சன் கல்லூரியில் 2007-08 பருவத்தில் 162 மூன்று புள்ளி போட்டு, ஒரே பருவத்தில் அதிகம் போட்டவர் என்ற அன்றைய கல்லூரிச் சாதனையைப் படைத்தார், 43.9 சதவீதம். பாயின்ட் கார்டாக இருந்த ஜேசன் ரிச்சர்ட்ஸ் படிப்பு முடித்துப் போனதும், அடுத்த பருவத்தில் பந்தைக் கொண்டுவரும் வேலையும் கரியிடம் வந்தது. சதவீதம் 38.7-க்கு இறங்கியது. அதே பருவத்தில் சராசரி 28.6 புள்ளியோடு நாட்டிலேயே முதலிடம். பிறர் கொடுத்த பாஸில் எறிவதும் தானே உருவாக்கி எறிவதும் வேறு வேறு ஷாட்டுகள். தாளில் அவற்றுக்குத் தனிப் பத்தி கேட்டதன் காரணம் இதுதான்.

மூன்றாம் படி: குறை கையிலா, முடிவிலா?

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. உங்கள் ஃப்ரீ த்ரோ சதவீதம், தனியாக நின்று எறியும் 100 மூன்று புள்ளியின் சதவீதம், ஆட்டத்துச் சதவீதம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஃப்ரீ த்ரோவே 65-ஐத் தாண்டவில்லை என்றால் குறை கையில் இருக்கிறது; நான்காம் படிக்குப் போங்கள். ஃப்ரீ த்ரோ நன்றாக இருந்து, தனிப் பயிற்சியும் நன்றாக இருந்து, ஆட்டத்தில் மட்டும் சரிந்தால் கால்களிலோ தேர்விலோ கோளாறு. ஹீல்ட் 23.8 சதவீதம் எறிந்த முதல் ஆண்டிலும் ஃப்ரீ த்ரோவில் 80 சதவீதத்துக்கு மேல் போட்டார். மென்மையான கை அப்போதே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. இளம் ஷூட்டர்களை எடைபோடும்போது மூன்று புள்ளிச் சதவீதத்தைவிட ஃப்ரீ த்ரோவை நான் அதிகம் நம்புவேன்.

நான்காம் படி: கை

போட்டிகள் நடக்கும் பருவத்தில் கையைத் திருத்தாதீர்கள். விடுமுறைக் காலம்தான் அதற்கு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம். கரி உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, இடுப்பருகிலிருந்து பந்தைத் தூக்கி எறியும் பழக்கத்தை மாற்றித் தலைக்கு மேலிருந்து விடும்படி அவருடைய தந்தையும் முன்னாள் என்பிஏ வீரருமான டெல் கரி ஒரு கோடை முழுவதும் பயிற்றுவித்தார். அந்தக் கோடையின் தொடக்கத்தில் மகனால் வளையத்தை விட்டுத் தள்ளி நின்று ஒழுங்காக எறிய முடியவில்லை. திருத்தம் பிடிபடுவதற்கு முன் இருந்ததும் கெடும். அதைத் தாங்கும் பொறுமை இல்லாதவர் திருத்தத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

எதைத் திருத்துவது என்பதைத் தவறிய ஷாட்டுகள் சொல்லும். பந்து வளையத்தின் முன்விளிம்பிலோ பின்விளிம்பிலோ பட்டுத் தவறினால் அது பெரும்பாலும் கால் வலுவும் தூரக் கணிப்பும் சம்பந்தப்பட்டது, பயிற்சியில் சரியாகிவிடும். இடமும் வலமுமாகத் தவறினால் வடிவத்தில் கோணல் இருக்கிறது. முழங்கை வெளியே விரிகிறதா, துணைக்கையின் கட்டைவிரல் பந்தைத் தள்ளுகிறதா என்று பாருங்கள். இரண்டாவதைக் கண்டுபிடிக்க, வளையத்திலிருந்து இரண்டு தப்படி தூரத்தில் நின்று ஒரே கையால் எறியுங்கள். அப்போது நேராகப் போகும் பந்து, இரண்டு கையும் சேர்ந்ததும் கோணலாகப் போனால் குற்றவாளி கட்டைவிரல்தான்.

வளைவைப் பற்றி ஒரு கணக்கு. வளையத்தின் விட்டம் சுமார் 45.7 செ.மீ., பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. பந்து 45 பாகைக் கோணத்தில் இறங்கி வந்தால் அதன் முன் திறந்திருக்கும் வாய் 32 செ.மீ. அளவு. தட்டையாக 30 பாகையில் வந்தால் திறப்பு 23 செ.மீ. கூட இல்லை, விளிம்பில் படாமல் உள்ளே போவதற்கே வழியில்லை. “உயர்த்தி எறி” என்று பயிற்சியாளர்கள் கத்துவதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். அதற்காக வானத்தைப் பார்த்து எறியவும் வேண்டாம். உயரம் கூடக் கூடத் தூரத்தைக் கட்டுப்படுத்துவது சிரமமாகிவிடும்.

ஐந்தாம் படி: கால்

ஆட்டத்தில் கை கெடுவதைவிடக் கால் கெடுவதே அதிகம். பாஸ் வரும்போது நிமிர்ந்து நிற்பவர், பந்தை வாங்கி, குனிந்து, கால்களைச் சரிசெய்து, பிறகு எழுந்து எறிகிறார். அந்த நேரத்துக்குள் தடுப்பாளர் வந்துவிடுகிறார். பந்து இன்னொருவர் கையில் இருக்கும்போதே முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். பந்து கையில் படும் கணத்தில் பாதங்கள் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். இரண்டு காலையும் சேர்த்துச் சிறு துள்ளலாக ஊன்றலாம், ஒன்று-இரண்டு என்று காலடி வைத்தும் ஊன்றலாம். நின்ற இடத்தில் வாங்கும்போது துள்ளலும், ஓடிவந்து திரும்பும்போது காலடியும் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துவரும். எது உங்களுக்கு இயல்போ அதை வைத்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர் வலது பாதத்தைச் சற்றே முன்னால் வைத்து, உடலைக் கொஞ்சம் திருப்பி நிற்பதில் தவறில்லை.

ஆறாம் படி: ஆட்டம் போலப் பயிற்சி

ஒரே இடத்தில் நின்று, நண்பர் பந்தைப் பொறுக்கிக் கொடுக்க, 200 எறிவது மனத்துக்கு இதம். ஆட்டத்துக்கு அதன் பயன் கொஞ்சம்தான். ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து இரண்டு ஷாட் எறியாதீர்கள். ஒவ்வொரு ஐந்து ஷாட்டுக்கும் ஒருமுறை ஆடுகளத்தின் மறுமுனைக்கு ஓடித் திரும்புங்கள். எறிந்ததை எண்ணாமல், உள்ளே போட்டதை எண்ணுங்கள். “இந்த மூலையில் பத்து போடும் வரை வெளியே போகமாட்டேன்” என்ற கணக்கு மனத்தை விழிப்பாக வைக்கும். களைத்த நேரத்தில் ஃப்ரீ த்ரோ எறியுங்கள்.

தூரமும் முக்கியம். ஹீல்ட் ஆடிய காலத்தில் அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோடு 20 அடி 9 அங்குலம். 2019-20 முதல் அது உயர்மட்டப் பிரிவில் 22 அடி 1¾ அங்குலமாக, அதாவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் 6.75 மீட்டருக்கு, தள்ளிப்போனது. நம் ஊரில் பின்பற்றும் ஃபிபா விதியும் இதே கோடுதான். பயிற்சியில் கோட்டுக்கு இரண்டு தப்படி பின்னால் நின்று பழகுங்கள். ஆட்டத்தில் கோட்டை ஒட்டி நிற்க யாரும் விடமாட்டார்கள்.

ஏழாம் படி: பச்சை, மஞ்சள், சிவப்பு

இனி முடிவு. பயிற்சியாளரோடு உட்கார்ந்து, உங்கள் ஷாட்டுகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். பச்சை என்றால் எப்போது கிடைத்தாலும் எறியலாம். மஞ்சள் என்றால் கடிகாரம் முடியப்போகும்போது மட்டும். சிவப்பு என்றால் எறிந்தால் வெளியே உட்கார வேண்டும். தாளில் உள்ள எண்களை வைத்தே பிரியுங்கள், விருப்பத்தை வைத்து வேண்டாம். எல்லா கார்டுக்கும் பின்னோக்கித் துள்ளி எறியும் ஷாட்டின் மேல் ஒரு காதல் உண்டு. எண்கள் அந்தக் காதலை ஆதரிப்பது அபூர்வம்.

கடிகாரத்தையும் இதோடு இணைக்க வேண்டும். 2015-16 பருவத்தில்தான் அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டத்தில் ஷாட் எறிய ஓர் அணிக்குத் தரும் நேரம் 35 வினாடியிலிருந்து 30 ஆகக் குறைந்தது. ஹீல்ட் உச்சத்தைத் தொட்டதும் நேரம் இறுகிய அந்தப் பருவத்தில்தான். ஃபிபா ஆட்டத்தில் 24 வினாடிதான். கடைசி ஏழு வினாடி வரும்வரை பச்சை மட்டும். அதற்குப் பிறகு மஞ்சளும் சேரலாம். இந்த ஒரே விதியைக் கடைப்பிடித்தாலே, கையில் எந்த மாற்றமும் இல்லாமல் பலருடைய சதவீதம் ஏறும்.

எட்டாம் படி: தடுப்பாளரைப் படிப்பது

இங்கேதான் நல்ல கார்டும் பெரிய கார்டும் பிரிகிறார்கள். எளியதிலிருந்து தொடங்குவோம். நீங்கள் பாஸ் வாங்குகிறீர்கள். தடுப்பாளர் உங்களை நோக்கி ஓடிவருகிறார். அவருடைய முகத்தைப் பார்க்காதீர்கள், இடுப்பையும் பாதத்தையும் பாருங்கள். இரண்டு தப்படி தூரத்தில், கை தொங்கியபடி வந்தால் எறியுங்கள். கையை உயர்த்திக்கொண்டு நிமிர்ந்து வேகமாக வந்தால், அவர் முன்வைத்த பாதத்தின் பக்கமாக ஒரே டிரிபிளில் கடந்துபோங்கள். நின்று நிதானமாகக் குனிந்துவிட்டார் என்றால் வாய்ப்பு முடிந்தது. பந்தை அடுத்தவருக்குக் கொடுங்கள். எறிவதா, போவதா, கொடுப்பதா என்ற முடிவுக்கு அரை வினாடி. பந்தைப் பிடித்துக்கொண்டு யோசிக்கும் கார்டு, தடுப்பாட்டத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்.

பந்து இல்லாமல் ஸ்கிரீனை, அதாவது தடுப்பாளரின் வழியை மறித்து நிற்கும் உங்கள் அணிக்காரரை, சுற்றி வரும்போது, தடுப்பாளர் எந்த வழியாக வருகிறாரோ அதற்கு எதிர்வழி உங்களுடையது. உங்கள் முதுகை ஒட்டிப் பின்தொடர்ந்தால் வளையத்தை நோக்கி வளைந்து போங்கள். குறுக்குவழியாக ஸ்கிரீனின் மறுபுறம் போய்க் காத்திருந்தால், மூலையை நோக்கி விலகி நின்று வாங்கி எறியுங்கள். இந்த முடிவை ஸ்கிரீனை அடைவதற்கு முன்பே எடுத்துவைத்துவிடுகிறவர்கள் பாதி நேரம் தடுப்பாளரின் கைக்குள்ளேயே போய் நிற்பார்கள். உங்கள் தோள், ஸ்கிரீன் போடுபவரின் இடுப்பை உரசிச் செல்லட்டும். இடையில் ஓர் ஆள் புகும் இடம் இருந்தால் அந்த ஸ்கிரீனே வீண்.

பந்தோடு வரும்போது இரண்டு பேரைப் படிக்க வேண்டும். உங்கள் தடுப்பாளர் ஸ்கிரீனுக்குக் கீழே, அதாவது வளையத்தின் பக்கமாக, புகுந்துபோனால் மூன்று புள்ளி திறந்திருக்கிறது. மேலே ஏறித் துரத்தினால் அவர் உங்கள் பின்னால் மாட்டிக்கொண்டார்; அவரை முதுகிலேயே வைத்துக்கொண்டு, இப்போது ஸ்கிரீன் போட்டவரைக் காக்கும் உயரமான தடுப்பாளரைப் பாருங்கள். அவர் வளையத்தருகே பின்வாங்கி நின்றால் இடைத்தூர ஷாட்டோ, அவர் தலைக்கு மேல் மிதக்கவிடும் சிறு எறிதலோ கிடைக்கும். எண்களில் இடைத்தூரம் மலிவானதுதான். ஆனால் அந்த ஒரு ஷாட்டைக் கொஞ்சமாவது போடத் தெரியாவிட்டால் அவர் பின்வாங்கியே நிற்பார். அவர் உங்களை நோக்கி மேலே ஏறி வந்தால், ஸ்கிரீன் போட்டுவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் உங்கள் ஆள் தனியாக இருக்கிறார். அந்தப் பாஸும் ஷாட் தேர்வில் சேர்த்திதான்.

ஒன்பதாம் படி: எறியாமல் இருப்பது

2008 நவம்பர் 25 அன்று மேரிலாந்தின் லயோலா அணி, கரி எங்கே போனாலும் இரண்டு பேரை அவர் மேலேயே ஒட்டவைத்தது. அவர் சண்டைக்குப் போகவில்லை. மூலையில் போய் நின்றுகொண்டார். மற்ற நான்கு பேரும் மூன்று தடுப்பாளர்களுக்கு எதிராக ஆடினார்கள். ஆட்டம் முழுவதும் அவர் எறிந்தது மூன்று ஷாட். எடுத்த புள்ளி பூஜ்யம். டேவிட்சன் 78-48 என்று 30 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. நாட்டிலேயே அதிகப் புள்ளி எடுத்த பருவத்தில் அவர் இப்படி ஓர் ஆட்டம் ஆடினார். ஷாட் தேர்வுக்கு இதைவிடத் துல்லியமான பாடம் எனக்குத் தெரியாது.

பத்தாம் படி: விழாத இரவு

2016 ஜனவரி 4 அன்று கான்சஸ் அணியின் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் அரங்கில், மூன்று கூடுதல் நேரங்கள் நீண்ட ஆட்டத்தில் ஹீல்ட் 46 புள்ளி எடுத்தார். 23 ஷாட்டில் 13, மூன்று புள்ளியில் 15-க்கு 8. ஓக்லஹோமா 109-106 என்று தோற்றது. மூன்று மாதம் கழித்து, நான்கு அணிகள் மட்டும் மிஞ்சும் தேசிய அரையிறுதியில் வில்லனோவாவுக்கு எதிராக 12-க்கு 4, மூன்று புள்ளியில் 8-க்கு 1, மொத்தம் 9 புள்ளி. ஓக்லஹோமா 95-51 என்று தோற்றது. அதே பருவத்தின் டிசம்பரில் அதே வில்லனோவாவை ஓக்லஹோமா 78-55 என்று வீழ்த்தியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஓர் இரவு எதையும் நிரூபிப்பதில்லை.

அப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு காணொளியைப் பார்க்கும்போது பந்து கையை விட்டதும் நிறுத்துங்கள். விழுந்ததா இல்லையா என்று பார்க்காமல் ஷாட்டுக்கு நிறம் கொடுங்கள். பச்சை ஷாட் எட்டில் ஏழு தவறியிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம், அடுத்த ஆட்டத்திலும் அதையே எறியுங்கள். சிவப்பு ஷாட் ஐந்தில் நான்கு விழுந்திருந்தால் அதுதான் ஆபத்தான இரவு, ஏனென்றால் அடுத்த மூன்று வாரத்துக்கு அந்த ஷாட்டை விடமாட்டீர்கள்.

பட்டியலைப் புதுப்பிப்பது

மாதம் ஒருமுறை பட்டியலைத் திருத்தினால் போதும். வாரந்தோறும் திருத்தினால் அதிர்ஷ்டத்தைத்தான் துரத்திக்கொண்டிருப்பீர்கள். ஒரு மஞ்சள் ஷாட் பச்சையாக வேண்டுமானால் அது இரண்டு இடங்களில் தேற வேண்டும்: களைப்போடு எறியும் பயிற்சியிலும், தடுப்பாளர் எதிரே நிற்கும் அணிப் பயிற்சி ஆட்டத்திலும். தனியாக நின்று எறிந்த சதவீதத்தை இதில் சேர்க்காதீர்கள். ஒரு பருவத்தில் ஒன்றிரண்டு ஷாட்டுகளுக்கு மேல் பச்சையாக்க முயல வேண்டாம். முதலாமாண்டு மாணவருக்குப் பாஸ் வாங்கி எறியும் மூன்று புள்ளியும், வளையத்தருகே ஓடிப்போய் இடும் லே-அப்பும் மட்டும் பச்சையாக இருந்தாலே தாராளம். ஸ்கிரீனைச் சுற்றி வந்து எறிவது இரண்டாம் ஆண்டு, டிரிபிளில் இருந்து எறிவது அதற்கும் பிறகு என்று வரிசை வைத்துக்கொள்ளலாம். பயிற்சியாளர் மாறினாலும் தாளை மாற்றாதீர்கள். பழைய பக்கங்களைக் கையோடு எடுத்துப்போய் அவருக்குக் காட்டுங்கள்.